பழிக்குப் பழி வெட்டுனவனை சாமி மன்னிக்குமா?

கருக்கல்:
ரொம்ப நாளா மனசுல கிடக்கு, யார்ட்ட கேக்கன்னு தெரியாம இங்க போடுதேன். எங்க சின்னத்தாத்தாவுக்கு, அதாவது தாத்தாவோட தம்பிக்கு, இப்ப எழுபத்தஞ்சு தாண்டியாச்சு. 1979-ல வாய்க்கா தண்ணி முறையில வந்த தகராறுல எங்க தாத்தாவ மடையில வச்சே வெட்டிட்டாங்க. கேஸ் நடந்துச்சு, பாத்தவன் அத்தன பேரும் பாக்கலன்னுட்டான், வெட்டுனவரு விடுதலையாகி மாலையோட ஊருக்குள்ள வந்தாராம். எட்டு மாசம் கழிச்சு சின்னத்தாத்தா அதே மடையில அவரை வெட்டிட்டு, அரிவாளக் கழுவக்கூட இல்லாம நேரா நடந்துபோயி ஸ்டேஷன்ல நின்னுட்டாரு. பதினாலு வருஷத்துக்கு மேல பாளையங்கோட்டை ஜெயில்ல இருந்துட்டு 95-ல வெளிய வந்தாரு. கல்யாணம் கட்டல.

வந்ததுல இருந்து கோயில் வாசப்படி மிதிச்சதில்ல. கொடைத் திருவிழா நடக்கும்போது எட்ட வேப்பமரத்தடியில துண்ட இடுப்புல கட்டிக்கிட்டு நிப்பாரு, பூசாரி அங்கயே திருநீறு கொண்டுபோனாலும் கைய நீட்ட மாட்டாரு. இளநி சீவக்கூட அரிவாளத் தொட மாட்டாரு, என்னையத்தான் கூப்பிடுவாரு. ரேஷன் கடை வரிசையில செத்தவரு வீட்டம்மா நின்னா சீனி வேண்டாம்னு திரும்பி வந்துருவாரு.

போன வாரம் ராத்திரி கரண்ட் இல்ல, திண்ணையில படுத்துக்கிட்டே கேட்டாரு, "ஏலே, நீ படிச்சவன்லா, என்னைய மாதிரி ஆளுக்கெல்லாம் சாமிகிட்ட மன்னிப்பு உண்டுமா?" நான் வாய்க்கு வந்தபடி "அதெல்லாம் உண்டு தாத்தா"ன்னேன். உடனே "எதுல போட்டுருக்கு?"ன்னாரு. எனக்குப் பதில் வரல. எந்த மதத்துக்காரங்களா இருந்தாலும் பரவால்ல, தெரிஞ்சத சொல்லுங்க.

சும்மா_இருக்கேன்:
தாத்தா செஞ்சதுல என்ன தப்பு? கோர்ட்டு விட்டுச்சு, வேற யாரு கேப்பா. அபிமன்யுவக் கொன்னதுக்கு அர்ச்சுனன் ஜயத்ரதன் தலைய எடுத்தான், அதுக்கு கிருஷ்ணரே சூரியனை மறைச்சு ஹெல்ப் பண்ணாரு. சாமியே கூட நின்ன வேலைக்கு மன்னிப்பு எதுக்கு ப்ரோ.

ஓய்வுபெற்ற_டீச்சர்:
தம்பி சும்மா இருக்கேன், கொஞ்சம் சும்மா இருங்க. அது ரெண்டு பக்கமும் ஆயுதம் வச்சுக்கிட்டு நின்ன போர்க்களம். அதே பாரதத்துல பதினெட்டாம் நாள் ராத்திரி நடந்ததையும் சேர்த்துப் படிக்கணும்ல.

கருக்கல், உங்க தாத்தா கதையக் கேட்டதும் எனக்கு அசுவத்தாமன்தான் ஞாபகம் வந்தான். அவன் அப்பா துரோணர் வில்லக் கீழ போட்டுட்டு தியானத்துல உக்காந்திருந்தப்ப திருஷ்டத்யும்னன் தலைய வெட்டுனான். அவன் ஏன் வெட்டுனான்னா அவங்கப்பா துருபதன துரோணர் அவமானப்படுத்தியிருந்தாரு. துரோணர் ஏன் அவமானப்படுத்துனாருன்னா அதுக்கு முன்னாடி துருபதன் அவர அவமானப்படுத்துனான். இப்படியே பின்னாடி போய்க்கிட்டே இருக்கலாம், முதல் ஆளு யாருன்னே கண்டுபிடிக்க முடியாது. சரி, அசுவத்தாமன் ராத்திரி பாசறைக்குள்ள போறதுக்கு முன்னாடி வாசல்லயே நின்னு சிவனை வேண்டுறான், தன்னையே நெருப்புல குடுக்கத் துணியுறான், சிவன் அவன் கையில வாளக் குடுத்து அவன் உடம்புக்குள்ளயும் இறங்குறாரு. உள்ள போயி தூங்கிட்டிருந்த திருஷ்டத்யும்னன மிதிச்சே கொல்றான், அவன் "ஆயுதத்தாலயாவது கொல்லு"ன்னு கெஞ்சியும் கேக்கல. பாஞ்சாலியோட அஞ்சு பிள்ளைங்களையும் சேர்த்து முடிச்சுட்டான். வாள் குடுத்ததும் தெய்வம்தான், அப்புறம் "மூவாயிரம் வருஷம் சீழும் ரத்தமும் நாற, பேச்சுத்துணைக்கு ஆள் இல்லாம அலை"ன்னு சபிச்ச கிருஷ்ணனும் தெய்வம்தான். வகுப்புல இத நடத்தும்போது பிள்ளைங்க "எந்த சாமி சொல்றத கேக்குறது டீச்சர்?"னு கேப்பாங்க, நான் பெல் அடிக்கிறதுக்காகக் காத்திருப்பேன்.

ஆனா பாகவதத்துல இதே இடத்துல ஒண்ணு வரும். அர்ச்சுனன் அவன கயித்துல கட்டி இழுத்துட்டு வந்து பாஞ்சாலி முன்னாடி போடுறான். அஞ்சு பிள்ளையப் பறிகுடுத்தவ சொல்றா, கட்ட அவுத்து விடுங்க, நான் அழற மாதிரி இவன் அம்மாவும் அழ வேண்டாம்னு. மூவாயிரம் வருஷத்துக்கு சபிச்ச சாமிய விட எனக்கு அவதான் பெருசாத் தெரியுறா.

கறுப்பு_கோட்:
சட்டம் பத்தி ஒரே ஒரு விஷயம், ஏன்னா எல்லாரும் தப்பாப் புரிஞ்சு வச்சிருக்காங்க. ஆயுள் தண்டனைன்னா பதினாலு வருஷம் கிடையாது, ஆயுள் முழுக்கத்தான். குற்றவியல் நடைமுறைச் சட்டத்துல 1978-ல கொண்டுவந்த 433ஏ பிரிவு, இந்த மாதிரி கொலைக் கேஸ்ல குறைஞ்சது பதினாலு வருஷம் உள்ள இருக்காம வெளிய விடக்கூடாதுன்னு சொல்லுச்சு, அவ்வளவுதான் (2024-ல வந்த புதுச் சட்டத்துலயும் அதே விதிதான்). சர்க்கார் மிச்சத் தண்டனையக் குறைச்சு அனுப்புது, மன்னிச்சேன்னு எங்கயும் எழுதுறதில்ல. அதே மாதிரி திடீர் ஆத்திரத்துல செஞ்சதுக்கு சலுகை உண்டு, எட்டு மாசம் கழிச்சுன்னா அது கிடைக்காது. உங்க தாத்தாவுக்கு வாதாடுன வக்கீலுக்கு அந்த எட்டு மாசம்தான் தொண்டையில சிக்குன முள்ளா இருந்திருக்கும்.

நாசரேத்_பாசஞ்சர்:
பிரதர், எங்க சைடுல பதில் ரொம்ப சிம்பிள். பாவங்களை அறிக்கையிட்டா மன்னிக்கிறதுக்கு அவர் உண்மையும் நீதியும் உள்ளவர்னு 1 யோவான் 1:9-ல இருக்கு. எதுல போட்டுருக்குன்னு கேட்டார்ல, இதுல போட்டுருக்கு. மோசே எகிப்தியன அடிச்சுக் கொன்னு மணல்ல புதைச்சவர்தான், அவர்கிட்டதான் தேவன் பத்துக் கட்டளையக் குடுத்தார், அதுல ஒண்ணு கொலை செய்யாதிருப்பாயாக. சிலுவையில பக்கத்துல தொங்குன கள்ளனுக்கு அன்னைக்கே பரதீசு, அதாவது சொர்க்கம். தாத்தாகிட்ட சொல்லுங்க, லேட் ஆகல.

சும்மா_இருக்கேன்:
அப்போ வெட்டிட்டு ஒரு ஜெபம் போட்டா க்ளியர். நல்ல ஆஃபர்.

காயல்_காத்து:
அஸ்ஸலாமு அலைக்கும். எங்க மார்க்கத்துல அவ்வளவு சுளுவா முடியாது. எங்க ஊரு ஆலிம் (மார்க்க அறிஞர்) ஒருத்தர் சொன்னத எனக்குப் புரிஞ்ச அளவுல சொல்றேன். கொலையில மூணு கடன் இருக்கு. ஒண்ணு அல்லாஹ்வுக்கு, அது தவ்பா, அதாவது மனசு திருந்தி மன்னிப்புக் கேட்டா தீரும். ரெண்டாவது செத்தவரோட வாரிசுகளுக்கு, அவங்க கிஸாஸ் (உயிருக்கு உயிர்) கேக்கலாம், நஷ்டஈடு வாங்கலாம், இல்ல மன்னிச்சுடலாம், மன்னிச்சா அது அவங்க பாவத்துக்குப் பரிகாரம்னு குர்ஆன்ல அல்மாயிதா 45-ல வருது. மூணாவது செத்தவருக்கு, அத இங்க யாராலயும் அடைக்க முடியாது, மறுமையில அவரே வந்து கேப்பாரு. மறுமையில மனுஷனுக்கு மனுஷன் வழக்குல முதல்ல தீர்ப்பாகுறதே ரத்தம் பத்திதான்.

வாரிசுக்கு உரிமை குடுத்த அதே குர்ஆன் பனூ இஸ்ராயீல் 33-ல "கொல்றதுல எல்லை மீற வேண்டாம்"னு பிடிச்சு நிறுத்துது. அதுவும் தீர்ப்புக்கு அப்புறம்தான், அவனவன் அரிவாளத் தூக்கிட்டுப் போறதுக்கு யாரும் லைசென்ஸ் குடுக்கல. வேணும்னே கொன்னவனுக்கு தவ்பாவே கிடையாதுன்னு நபித்தோழர் இப்னு அப்பாஸ் (ரலி) சொன்னதா இருக்கு, பெரும்பாலான ஆலிம்கள் உண்டுன்னுதான் சொல்றாங்க.

தொண்ணூத்தொம்பது பேரக் கொன்னவன் ஹதீஸ் கேட்டிருப்பீங்க, புகாரி, முஸ்லிம்னு ரெண்டு ஹதீஸ் தொகுப்புலயும் இருக்கு. அவன் ஒரு துறவிகிட்ட போயி எனக்கு தவ்பா உண்டான்னு கேக்குறான், இல்லைன்னாரு, அவரையும் போட்டு நூறாக்கிட்டான். அப்புறம் ஒரு அறிஞர்கிட்ட போறான், அவரு உண்டு, ஆனா உன் ஊர விட்டுட்டு நல்லவங்க இருக்குற இன்ன ஊருக்குப் போன்னாரு. பாதி வழியில மவுத்தாயிட்டான், செத்துட்டான். ரஹ்மத்தோட (கருணை) மலக்கும் அதாபோட (தண்டனை) மலக்கும், அதாவது ரெண்டு பக்க வானவர்களும், இவன் எனக்குத்தான்னு சண்டை. தூரத்த அளந்து பாத்தா நல்ல ஊருக்கு ஒரு சாண் கிட்ட இருந்தான். ஒரு சாண்தான் பாய்.

எனக்கு என்ன தோணுதுன்னா அவன் ஊர விட்டுப் போனான், உங்க தாத்தா அதே ஊருக்கு, அதே ரேஷன் கடைக்குத் திரும்பி வந்திருக்காரு. அது அதவிட தூரம்.

ஈரோட்டுக்_கண்ணாடி:
ஆளாளுக்கு புக்கைத் தூக்கிட்டு வந்துட்டீங்க. வெட்டுனதும் மனுசன், செத்ததும் மனுசன், பொய்ச்சாட்சி சொல்லி முதல் கொலைகாரன வெளிய விட்டதும் மனுசங்கதான். இதுல சம்பந்தமே இல்லாத மூணாவது பார்ட்டிகிட்ட எதுக்குங்க மன்னிப்பு? என் பைக்க நீங்க இடிச்சுட்டு எதிர்வீட்டுக்காரர்கிட்ட சாரி கேட்டா ஒத்துக்குவனா?

பெயர்_வேண்டாம்:
மூணு வருஷமா இந்த இடத்துல படிக்க மட்டும்தான் செய்றேன், இன்னைக்குத்தான் எழுதுறேன். கண்ணாடி சொன்னதுக்காக.

எனக்கு ஒன்பது வயசுல எங்கப்பாவக் கொன்னுட்டாங்க. அவங்க பக்கத்துல அதுக்குப் பேரு பழி தீர்க்குறது, ஏன்னா எங்க பெரியப்பா ஏதோ தகராறுல அவங்க ஆள அடிச்சு அவரு ஆஸ்பத்திரியில செத்துட்டாரு. எங்கப்பா அன்னைக்கு ஊர்லயே இல்ல. பெரியப்பா கிடைக்கல, அப்பா கிடைச்சாரு, அவ்வளவுதான். டிபன்பாக்ஸ் சைக்கிள் ஹேண்டில்லயே தொங்கிட்டு இருந்துச்சு. அம்மா அத ரெண்டு நாள் கழிச்சுத்தான் திறந்தாங்க, புளிச்சோறு.

வெட்டுனவர் ஜெயில்லயே மனந்திரும்பிட்டாராம். இப்போ ஜெபக்கூட்டங்கள்ல சாட்சி சொல்றார், என் தங்கச்சி ஃபோன்ல ஒரு வீடியோ வந்துச்சு. வெள்ளை சட்டை, நல்ல குரல், ஆண்டவர் என் ரத்தக்கறையக் கழுவிட்டார்னு சொல்றார், ஜனங்க கைதட்டுறாங்க. எங்கப்பா பேரு ஒரு தடவகூட வரல. "ஒரு மனுஷன" அப்படின்னு மட்டும் சொன்னார். கழுவிட்டாராம், எங்ககிட்ட ஒரு வார்த்தை கேக்காம எப்படிக் கழுவினாருன்னு எனக்குப் புரியல. கடவுள் மன்னிக்கக்கூடாதுன்னு நான் சொல்லல. அவர் மன்னிச்சுட்டார்ங்குற நியூஸ் எனக்கு யூடியூப்ல வந்திருக்கக் கூடாது.

கருக்கல் அண்ணா, உங்க தாத்தா மேல எனக்குக் கோபம் வரணும், வரல. அந்தம்மா வரிசையில நிக்கிறதப் பாத்து சீனி வாங்காம திரும்புறார்னு எழுதினீங்கல்ல, அத நாலு தடவ படிச்சேன்.

நாசரேத்_பாசஞ்சர்:
சிஸ்டர், முதல்ல மன்னிச்சுக்குங்க. நான் மேல "சிம்பிள்"னு எழுதினத அழிக்கலாம்னு பாத்தேன், இருக்கட்டும், நான் எழுதினதுதானே.

நேத்து ராத்திரி தூக்கம் வரல, பழைய ஏற்பாட்ட எடுத்து வச்சு உக்காந்தேன். ஞாயித்துக்கிழமை பிரசங்கத்துல இந்தப் பகுதிய யாரும் தொட மாட்டாங்க. எண்ணாகமம் 35, அடைக்கலப்பட்டணம் ஆறு. கைதவறிக் கொன்னவன் அங்க ஓடிப்போயிடலாம், பழிவாங்குறவன் உள்ள வந்து தொடக்கூடாது, பிரதான ஆசாரியன் (தலைமைப் பூசாரி) சாகுற வரைக்கும் வெளிய வரக்கூடாது. ஆனா பகைய மனசுல வச்சுக் கொன்னவனுக்கு அந்தக் கதவு கிடையாது, அவன் உயிருக்கு ஈடா பணமும் வாங்கக்கூடாது.

அப்புறம் யோவாப். தாவீதோட படைத்தலைவன். அவன் தம்பி ஆசகேல், மான் மாதிரி ஓடுறவன், போர்ல தோத்து ஓடுன எதிர்ப்படைத் தலைவன் அப்னேர விடாம துரத்துறான். அப்னேர் ரெண்டு தடவ திரும்பிப் பாத்து, வேணாம்டா, என்னைய விட்டுட்டு வேற ஆளப் பாரு, உன்னைக் கொன்னுட்டு உங்கண்ணன் யோவாப் முகத்துல எப்படி முழிப்பேன்னு கெஞ்சுறான். ஆசகேல் கேக்கல. அப்னேர் ஈட்டியோட பின்பக்கத்தால குத்த, அது வயித்துல ஏறி முதுகுல வந்துருச்சு. பின்னாடி சமாதானம் ஆகி, அப்னேர் தாவீதுகிட்ட விருந்து சாப்பிட்டுக் கிளம்புனப்புறம், யோவாப் ஆள் விட்டு அவனத் திரும்ப வரவச்சு, ரகசியம் பேசுற மாதிரி வாசல் ஓரமாக் கூட்டிட்டுப்போயி வயித்துலயே குத்திக் கொன்னான். எந்த ஊர் வாசல் தெரியுமா? எப்ரோன். யோசுவா 20-ஐத் திறந்து பாருங்க, அந்த ஆறு அடைக்கலப்பட்டணத்துல எப்ரோனும் ஒண்ணு. இத்தனை வருஷம் பைபிள் படிக்கிறேன், நேத்துதான் ரெண்டையும் சேர்த்து வச்சுப் பாத்தேன், கை நடுங்கிருச்சு.

கடைசியில வயசானப்புறம் யோவாப் கர்த்தருடைய கூடாரத்துக்குள்ள ஓடி பலிபீடத்துக் கொம்புகளைப் பிடிச்சுக்கிட்டு "நான் இங்கயே சாவேன்"னான். தாவீதோட மகன் சாலொமோன் ராஜா அங்கயே வெட்டச் சொல்லிட்டான். அதனால உங்க தாத்தா கோயில் வாசல்ல ஏறாம நிக்கிறது எனக்குப் புரியுது. மேல சொன்ன 1 யோவானையும் நான் நம்புறேன். ரெண்டையும் எப்படி ஒட்டவைக்கன்னு இப்போதைக்கு எனக்குத் தெரியல.

பேர்ண்_குளிர்:
நான் சுவிஸில இருக்கிறன். என்னோட வேலை செய்யிற கொசோவோப் பொடியன் ஒருத்தன் சாப்பாட்டு நேரம் தங்கட ஊர்க் கதை சொல்லுவான். அங்கயும் இதே கூத்துத்தான், ஒரு வீட்டில ரத்தம் போனா மற்ற வீட்டில ரத்தம் எடுக்கவேணும், அதுக்குப் பயந்து ஆம்பிளையள் வருசக்கணக்கா வீட்டை விட்டு வெளிக்கிடாமல் கிடப்பினமாம். 1990இல அன்டன் செட்டா எண்ட பேராசிரியர், காலம் முழுக்க நாட்டார் கதை சேர்த்துத் திரிஞ்ச மனுசன், மாணவப் பிள்ளையளோட வீடு வீடாப் போயிருக்கிறார். உங்கட ரத்தத்தை, அதாவது ரத்தப்பழியை, விட்டுக்குடுங்கோ எண்டு கேக்கிறதுதான் வேலை. அந்த வருசம் மே 1ஆம் திகதி ஒரு திறந்த வெளியில லட்சக்கணக்கில சனம் கூடி, ஆளாள் ஏறி நிண்டு விட்டுக்குடுத்தவை. ஆயிரத்துக்கும் மேல பகை அப்பிடித் தீர்ந்ததாம்.

எனக்குப் பிடிச்சது என்னெண்டா, அவை என்ன சொல்லி விட்டுக்குடுத்தவை தெரியுமோ? இளையோர் பேரால, மக்கள் பேரால, கொடியின்ர பேரால. சேர்ந்து நிண்ட ஆக்களில முஸ்லிமும் இருந்தது, கத்தோலிக்கமும் இருந்தது, ஆனா அந்த வசனத்தில கடவுள் இல்லை. கண்ணாடி அண்ணை சந்தோசப்படுவார். பொடியன்ர பெரியப்பாவும் அண்டைக்கு மகன்ர ரத்தத்தை விட்டுக்குடுத்தவராம். வீட்ட வந்து மூண்டு நாள் ஒருத்தரோடயும் கதைக்கேல்லையாம்.

ஓய்வுபெற்ற_டீச்சர்:
பெயர் வேண்டாம்னு எழுதின மகளே, உங்களுக்குச் சொல்றதுக்கு என்கிட்ட ஒண்ணும் இல்ல. படிச்சேன்.

கருக்கலுக்கு மட்டும், எதுல போட்டுருக்குன்னு தாத்தா கேட்டதுக்கு. நம்ம பக்கம் திருவிளையாடல் புராணத்துல மாபாதகம் தீர்த்த படலம்னு ஒண்ணு இருக்கு. பெத்த அப்பாவையே கொன்னவன், வேற சொல்லக் கூசுற பாவமும் பண்ணவன், பழி துரத்த ஊர் ஊரா ஓடி மதுரைக்கு வர்றான். சொக்கரும் மீனாட்சியும் வேடன் வேடுவச்சியா வந்து நிக்கிறாங்க. மாட்டுக்குப் புல்லு போடு, குளத்துல குளி, கோயில உருண்டு சுத்துன்னு வழி சொல்றாரு. அம்மை கேக்குறா, நரகத்துல கிடக்க வேண்டியவனுக்குப் போயி எதுக்கு இதுன்னு. வேற போக்கே இல்லாதவனக் காப்பாத்துறதுதான் காப்பாத்துறதுங்குற மாதிரி பதில் வரும். இதுல போட்டுருக்குன்னு சொல்லுங்க.

ஆனா நான் நேர்மையா இருக்கணும்னா சிலப்பதிகாரத்தையும் சொல்லணும். கண்ணகிக்கு சாந்தி செய்யணும்னு கொற்கையில இருந்த பாண்டியன் வெற்றிவேற்செழியன் பொற்கொல்லர் ஆயிரம் பேரப் பலி குடுத்தான், மழை பெஞ்சுதுன்னு இருக்கு. சிலம்பத் திருடுனது ஒருத்தன். அந்த ஆயிரம் வீட்டுப் பொம்பளைங்க எந்தச் சிலம்ப உடைச்சாங்கன்னு யாரும் பாடல.

சும்மா_இருக்கேன்:
டீச்சர், முதல்ல போட்டத நான் வாபஸ் வாங்கிக்கிறேன். டெலீட் பண்ணல, பாசஞ்சர் மாதிரியே.

கருக்கல்:
எல்லாத்துக்கும் நன்றி. நாலு நாள் ஆச்சு எழுத. முந்தாநேத்து சாயங்காலம் உக்காந்து ஒண்ணொண்ணா சொன்னேன். மதுரைக் கதைக்கு "உம்"னாரு. மாட்டுக்குப் புல்லு ஜெயில்லயே போட்டாச்சுன்னாரு. ஒரு சாண் கதைக்கு எந்திரிச்சு உக்காந்து, அளந்தவன் யாருன்னு கேட்டாரு.

இன்னொண்ணு, எனக்கே இப்பதான் தெரியும். எங்க பக்கத்துல வெட்டுப்பட்டுச் செத்தவங்களுக்கு செத்த இடத்துல பீடம் போட்டு சாமியாக் கும்பிடுறது வழக்கம். தாத்தா வெட்டுனாருல்ல, அவருக்கும் அந்த மடைக்கிட்ட ஒரு பீடம் இருக்கு, அவங்க வீட்டாளுக வருஷம் ஒரு தடவ படையல் போடுவாங்க. மத்த நாள்ல அங்க விளக்கு எரியுறதப் பாத்திருக்கேன், அவங்கதான் ஏத்துறாங்கன்னு நெனச்சேன். எண்ணெய்க்கு மாசாமாசம் சின்னத்தாத்தாதான் பூசாரிகிட்ட காசு குடுத்துருக்காரு, முதியோர் பென்ஷன்ல இருந்து. யாருன்னு சொல்லக்கூடாதுன்னு சத்தியம் வாங்கியிருக்காரு. பூசாரி என்கிட்ட வாய்தவறி சொல்லிட்டாரு, நானும் இங்க சொல்லிட்டேன். அந்தம்மாவுக்குத் தெரியுமான்னு கேட்டேன், பூசாரி பேச்ச மாத்திட்டாரு.

கடைசியா பாசஞ்சர் அண்ணன் எழுதின யோவாப் கதையச் சொன்னேன். தம்பிக்காக வெட்டுனான்னதும் முகத்த அந்தப் பக்கம் திருப்பிக்கிட்டாரு. பலிபீடத்தப் பிடிச்சதெல்லாம் அவரு காதுல ஏறுனதான்னே தெரியல. ரொம்ப நேரம் கழிச்சு ஒண்ணே ஒண்ணு கேட்டாரு, "அந்த வெட்டுப்பட்டவனுக்குப் பிள்ள இருந்துச்சா?" அண்ணே, அது எங்கயாச்சும் போட்டுருக்கா?

நாசரேத்_பாசஞ்சர்:
தேடிப் பாத்துட்டு வாரேன் பிரதர்.

நாசரேத்_பாசஞ்சர்:
இருக்கு. 1 நாளாகமம் 27:21. தாவீது கோத்திரங்களுக்கு வச்ச தலைவர் லிஸ்ட்டுல ஒரே ஒரு வரி, பென்யமீனுக்கு அப்னேரின் குமாரன் யாசியேல். வேற ஒண்ணும் எழுதல, லிஸ்ட்டு அடுத்த ஆளுக்குப் போயிருது.

பெயர்_வேண்டாம்:
அவர்கிட்ட சொல்லுங்க அண்ணா.

கருக்கல்:
சொன்னேன். "அப்போ அந்தப் பயல் நல்லாத்தான் இருந்துருக்கான்"னுட்டு வெத்தலைய மடிச்சாரு. செத்தவரு மகன் எங்க ஊர்லதான் லோடு ஆட்டோ ஓட்டுதாரு, அந்நேரம் தெருவுல அவரு வண்டிதான் போய்ட்டிருந்துச்சு.